நாற்பது மீட்டர்

இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடுகிறது பாதை.
எனக்கு வாய்த்தது நாற்பது மீட்டர்.
இடப்புறம் ஒரு பீச் மரம், அதிலிருந்து
வலப்புறம் யாரோ இழுத்துக்கட்டிய தார்ப்பாய் வரை.
நடுவில் கம்பிவலை.
வலைக்கு அப்பால்
சரிந்து இறங்கிச் சட்டென்று திரும்பும் கறுப்புத் தார்.

ப்ரூன்ஷன் என்கிறார்கள் இந்த வளைவை.
சின்ன ஊற்று என்று பொருளாம்.
ஊற்றைக் காணோம்.
காலிப் பீர்ப்பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை பரப்பி,
பலகைமேல் பஞ்சு பிதுங்கிய சோஃபா,
சோஃபாமேல் கெர்லிண்டே.

புதன்கிழமையே டிராக்டரில் வந்து இடம் பிடித்திருக்கிறாள்.
சாரம் கட்டியது மைத்துனன் எக்பெர்ட்.
"ஏறி வா, ஒன்றும் ஆகாது,
போன வருடம் ஒருத்தன்தான் விழுந்தான்."
கோப்லென்ஸ் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
என் இயந்திரத்துக்கு அடுத்த இயந்திரம் அவளுடையது.
அந்த உரிமையில் சோஃபாவில் எனக்குப் பாதி.

கார் வருமுன் அதன் சத்தம் வந்து
நெஞ்செலும்பைத் தட்டிப் பார்க்கிறது.
பிறகு ஒரு நிறம்.
பிறகு ரப்பர் கருகும் வாசனை,
அதன்மேல் எக்பெர்ட் புரட்டும் இறைச்சியின் புகை.
காசு கொடுத்து வாங்கியது இதைத்தானா என்று
முதல் ஒரு மணிநேரம் மனம் கணக்குப் போட்டது.
முந்துவதும் முட்டுவதும் எல்லாம்
வேறெங்கோ, வேறு யாருடைய கண்ணிலோ நடக்கிறது.
என் நாற்பது மீட்டருக்கு
தீர்ப்பு மட்டும் வந்து சேர்கிறது.

பெரிய கார்களுக்கு அவள் தலையைத் திருப்பவும் இல்லை.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
பாசி நிறத்தில் ஒரு சின்னக் கார்,
எல்லோருக்கும் வழிவிட்டு ஓரமாய்,
கல்யாணப் பந்தியில் இடம் தேடுபவன் போல வரும்.
அதற்கு மட்டும் எழுந்து நிற்பாள்,
கையில் இறைச்சிக் கரண்டி,
வாய் நிறையக் கத்தல்.

மகனா?
பழைய காதலனா?
நாகரிகம் கருதி இருட்டும்வரை கேட்கவில்லை.

"நானூற்று இருபது யூரோ" என்றாள்.
"ஓட்டுகிற மூன்று பேரில் ஒருத்தன், ஹார்ட்விக்.
போன கோடையில் கியர்பாக்ஸ் வாங்கக் கேட்டான்.
பார், அதோ போகிறது என் கியர்பாக்ஸ்.
மூன்றாவது கியரில் முனகுகிறது, கேட்டாயா?"

எனக்குக் கேட்கவில்லை.
கேட்டதாகச் சொன்னேன்.

இரவு இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கியது.
முதலில் பீச் மரம் போயிற்று, பிறகு வலை.
சிவப்புக் கொடி என்றது வானொலி.
நூறு கார்களும் நின்றுவிட்டன.
காட்டின் எல்லாக் குடிகாரர்களும்
யாரோ அதட்டியது போல் அடங்கினார்கள்.
ஜெனரேட்டரை எக்பெர்ட் அணைத்தான்.

அப்போது கேட்டது:
பலகைக்குக் கீழே, பெட்டிகளுக்குப் பின்னால்
இத்தனை நேரமும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது
தண்ணீர்.
கெர்லிண்டே குறட்டை விட்டாள். நான் மட்டும்
போர்வைக்குள் செருப்போடு உட்கார்ந்து
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விடிந்து மறுபடி கிளம்பினார்கள்.
மஞ்சள் வந்தது, வெள்ளை வந்தது,
கதவில்லாமல் ஒன்றுகூட வந்தது.
பாசி நிறம் வரவில்லை.
பத்து நிமிடம். பன்னிரண்டு.
பதினான்கில் கரண்டியைக் கீழே வைத்தாள்.
"கடன் போச்சு" என்றேன், சிரிக்க வைக்கலாமென்று.
அவள் பார்த்த பார்வைக்கு
நான் தார்ப்பாயின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இருபத்தொன்றாவது நிமிடம்
முன்பக்கம் முழுக்க வெள்ளி டேப் சுற்றி,
ஒற்றை ஹெட்லைட்டோடு
நொண்டிக்கொண்டு வளைவில் இறங்கியது.
உள்ளே ஹார்ட்விக்கா மற்றவனா, தெரியாது.
கெர்லிண்டே கத்தவில்லை.
மூக்கைச் சிந்தினாள். "டேப்பும் என் காசாகத்தான் இருக்கும்."

"இன்றைக்குக் கேட்டுவிடுவாயா?"
"முடிக்கட்டும்."

அடுத்த சுற்றுக்கு, இன்னும் மூன்று நிமிடம் இருக்கும்போதே,
நான் எழுந்து நின்றேன்.
எனக்கு அவன் ஒரு சென்ட்கூடத் தரவேண்டியதில்லை.
சோஃபா ஒரு பக்கம் சாய,
காபி அவள் மடியில் கொட்டியது.